கம்பெனி கைகழுவிய டப்பா... காப்பாத்துற கூட்டம்!

ஹாஸ்டல் வராந்தா சுவத்துல ஆணி அடிச்சு மாட்டியிருப்பாங்க. வீட்ல டி.வி. ஸ்டாண்ட் ஓரத்துல தூசி படிஞ்சு கிடக்கும். ஜெராக்ஸ் கடையில பில் புக்குக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும். ரெண்டு கொம்பு, நாலு பச்சை லைட்டு... யெஸ் பாஸ், வைஃபை ரவுட்டரேதான்! நெட் வரலைன்னா மட்டும்தான் நமக்கு அது ஞாபகத்துக்கு வரும். ஸ்விட்சை ஆஃப் பண்ணி, பத்து எண்ணி, ஆன் பண்ணுவோம். அதோட பாசம் ஓவர்!

மேட்டர் என்னன்னா, அது வெறும் டப்பா இல்லை. முழுசான ஒரு கம்ப்யூட்டர். பிராசஸர் இருக்கு, ராம் இருக்கு, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா சின்னதா ஒரு ஃப்ளாஷ் சிப் இருக்கு. அதுக்குள்ள ஓர் ஆபரேட்டிங் சிஸ்டமும் ஓடிக்கிட்டிருக்கு. நிறைய ரவுட்டர்கள்ல அது நம்ம லினக்ஸ்தான்!

கம்பெனி என்ன பண்ணும்? டப்பாவை விக்கும். கொஞ்ச காலம் அப்டேட் கொடுக்கும். புது மாடல் வந்ததும் பழசைக் கண்டுக்காது. டப்பா நல்லாத்தான் இருக்கும். ஆனா, உள்ளே இருக்கிற சாஃப்ட்வேர்ல யாராவது ஓட்டை கண்டுபிடிச்சா அதை அடைக்க ஆள் இருக்காது. ஊருக்கே சாவி தெரிஞ்ச பூட்டை வாசல்ல தொங்கவிட்ட கதைதான்!

இப்படிக் கைவிட்ட டப்பாக்களைத் தத்தெடுத்து, 2004-லேருந்து வளர்த்துக்கிட்டு வர்ற ஒரு கூட்டம் இருக்கு. பேரு 'ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.' வாய்க்கு வசதியா, ஓப்பன்வர்ட். ரவுட்டர் மாதிரி குட்டிக் கருவிகளுக்குள்ள உட்கார்ற லினக்ஸை மூலத்துலேருந்து கட்டித் தர்ற திட்டம். அந்தக் கூட்டத்துல நமக்கும் ஒரு சீட் காலியா இருக்குங்கிறதுதான் இந்தக் கட்டுரையோட ஒன்லைன்!

நீலச் சட்டை ஹீரோ!

ஃப்ளாஷ்பேக்... 2002 டிசம்பர். அமெரிக்காவுல லிங்க்சிஸ் கம்பெனி ஒரு ரவுட்டர் விட்டுச்சு. நீலமும் கறுப்புமா, ரெண்டு ஆன்டெனாவோட பார்க்க டெரரா இருக்கும். மாடல் பேரு டபிள்யூ.ஆர்.டி. 54ஜி. உள்ளே 16 எம்.பி. ராம், 4 எம்.பி. ஃப்ளாஷ். அவ்ளோதான்! இன்னிக்கு நீங்க அனுப்புற ஒரு செல்ஃபி அந்த ஃப்ளாஷுக்குள்ள அடங்குறதே கஷ்டம்.

2003 மார்ச்ல சிஸ்கோ கம்பெனி, லிங்க்சிஸை சுமார் 50 கோடி டாலர் பேசி வாங்குறதா அறிவிச்சது. கல்யாணக் களை மறையறதுக்குள்ள வந்துச்சு வம்பு. ரவுட்டரை நோண்டிப் பார்த்த சிலர், 'ஆஹா... உள்ளே இருக்கிறது லினக்ஸ்'னு ஜூன் மாசமே போட்டு உடைச்சாங்க.

லினக்ஸ் இருந்தா என்ன தப்பு? தப்பே இல்லை. ஆனா, லினக்ஸ் கெர்னலுக்கு ஜி.பி.எல்.னு ஒரு லைசென்ஸ் உண்டு. 'தாராளமா எடுத்துக்கோ, மாத்திக்கோ, வித்துக்கோ... ஆனா, உன்கிட்ட வாங்குறவன் கேட்டா மூல நிரலைக் கொடுத்துடணும்'கிறதுதான் அதோட சாராம்சம். லிங்க்சிஸ் கொடுக்கலை. கேள்வி மேல கேள்வி விழுந்தது. கடைசியில 2003-லேயே கம்பெனி கோடை வெளியிட்டது.

அந்தக் கோடை வெச்சுத்தான் 2004 ஜனவரியில ஓப்பன்வர்ட் பிறந்தது. பேருல இருக்கிற 'டபிள்யூ.ஆர்.டி.'யே அந்த நீலச் சட்டை ரவுட்டரோட இனிஷியல்தான்!

கம்பெனி சும்மா இருந்துச்சா? 2005-ல அதே மாடலோட அஞ்சாவது வெர்ஷன்ல லினக்ஸைத் தூக்கிட்டு, வி.எக்ஸ்.வொர்க்ஸ்னு வேற ஆபரேட்டிங் சிஸ்டத்தை வெச்சாங்க. ராமும் ஃப்ளாஷும் பாதியாச்சு. ஆனா, லினக்ஸ் போட்டு விளையாடணும்னே ரவுட்டர் வாங்குற கூட்டம் அதுக்குள்ள வளர்ந்திருந்தது. விக்கிற சரக்கை விட மனசு வருமா? அவங்களுக்குன்னே 54ஜி.எல்.னு தனியா ஒரு மாடல் விட்டாங்க. லைசென்ஸ் தகராறு மட்டும் ஓயலை. 2008 டிசம்பர்ல ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன், சிஸ்கோ மேல வழக்கே போட்டது. 2009 மே மாசம் சமாதானமாச்சு.

சமையல் இங்கே... சாப்பாடு அங்கே!

'சரி, ஓப்பன்வர்ட்டை எப்படிச் செய்யறாங்க?' அங்கேதான் இன்ஜினீயரிங் பசங்களுக்கு வேலை இருக்கு.

நம்ம லேப்டாப்புல இருக்கிற பிராசஸர் எக்ஸ்86 வகை. ரவுட்டர்ல இருக்கிறது மிப்ஸ் அல்லது ஆர்ம். நம்ம பிராசஸருக்குக் கம்பைல் பண்ணினது அதுல ஓடாது. அதுக்காக 32 எம்.பி. ராம் இருக்கிற ரவுட்டருக்குள்ள கம்பைலரை உட்கார வைக்கவும் முடியாது. என்ன வழி? சமையலை நம்ம அடுப்புலயே முடிச்சு, அதோட வயித்துக்கு ஏத்த மாதிரி கட்டிக் கொடுக்கணும். இதுக்குப் பேருதான் கிராஸ் கம்பைலிங்.

ஓப்பன்வர்ட்ல இந்தச் சமையல் முழுக்க ஆட்டோமேட்டிக். கோடை இறக்கிட்டு, 'மேக் மெனுகான்ஃபிக்'னு அடிச்சா ஒரு மெனு கார்டு வரும். எந்த ரவுட்டர், என்னென்ன பேக்கேஜ் வேணும்னு டிக் பண்ணி, 'மேக்' கொடுத்தா போதும். முதல்ல சமைக்கத் தேவையான கருவிகளையே அது செஞ்சுக்கும். அடுத்து கம்பைலர். அப்புறம் கெர்னல். அப்புறம் பேக்கேஜ்கள். எல்லாத்தையும் ஒண்ணாச் சுருட்டி, ஃப்ளாஷ்ல எழுதுற மாதிரி ஒரு ஃபைலாக் கடைசியில கையில கொடுக்கும். இது பில்ட்-அப் இல்லீங்க, நிஜ பில்ட்!

என் லேப்டாப்புல முதல் தடவை இதை ஓட விட்டுட்டு மெஸ்ஸுக்குப் போய், தோசை சாப்பிட்டு, டீ குடிச்சு, ஓர் அரட்டையும் முடிச்சுட்டு வந்து பார்த்தேன். இன்னும் கம்பைலரையேதான் கம்பைல் பண்ணிக்கிட்டிருந்தது! முதல் பில்டுக்குப் பொறுமை வேணும், ஹார்ட் டிஸ்க்ல இடமும் தாராளமா வேணும். ரெண்டாவது தடவை மாறினதை மட்டும் கட்டும் என்பதால சட்டுனு முடிஞ்சிடும்.

ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு சமையல் குறிப்பு உண்டு. அதுதான் மேக்ஃபைல். பேக்கேஜ் பேரு, வெர்ஷன் நம்பர், எங்கேயிருந்து இறக்கணும், இறக்கினது அசல்தானான்னு பார்க்க ஒரு ஹேஷ், யார் பராமரிக்கிறாங்க... எல்லாம் அதுல இருக்கும். புது ரவுட்டரைச் சேர்க்கணும்னா 'டிவைஸ் ட்ரீ'ன்னு ஒரு ஃபைல் எழுதணும். எந்த லைட் எந்தக் காலோட இணைஞ்சிருக்கு, ரீசெட் பட்டன் எங்கே, ஃப்ளாஷ்ல எந்தப் பகுதியில என்ன இருக்குன்னு அந்த போர்டோட ஜாதகத்தையே அதுல எழுதிடணும்.

இன்னொரு டகால்டி வேலையும் உண்டு. அசல் சிஸ்டத்தை அழிக்க முடியாதபடி சுருக்கிக் கீழே வெச்சுடுவாங்க. நீங்க செய்யற மாற்றம் எல்லாம் மேலே ஒரு தனி அடுக்குல போய் உட்காரும். ரெக்கார்டு நோட்டு மேல டிரேசிங் பேப்பர் வெச்சு வரையற மாதிரி. சொதப்பினா டிரேசிங் பேப்பரைக் கிழிச்சுப் போட்டுடலாம். நோட்டு பத்திரமா இருக்கும்!

பெத்தா மட்டும் போதுமா?

'இவ்ளோதானா? அதான் 2004-லயே எழுதிட்டாங்களே... இன்னும் என்ன வேலை?'ன்னு கேக்கறீங்களா? அங்கேதான் கதையே ஆரம்பிக்குது.

லினக்ஸ் கெர்னல் ஓடிக்கிட்டே இருக்கு. 2023 அக்டோபர்ல வந்த ஓப்பன்வர்ட் 23.05, கெர்னல் 5.15-ல உட்கார்ந்திருந்தது. 2025 பிப்ரவரியில வந்த 24.10, கெர்னல் 6.6-க்குத் தாவிடுச்சு. வெர்ஷன் நம்பரை மாத்தினா ஆச்சான்னா, இல்லை. கெர்னல் மேல ஓப்பன்வர்ட் ஒட்டி வெச்சிருக்கிற நூத்துக்கணக்கான பேட்ச்களையும் ஒண்ணு ஒண்ணா எடுத்து, புதுக் கெர்னலுக்குப் பொருந்துதான்னு பார்த்து, பொருந்தாததைத் திருத்தி, மறுபடி ஒட்டணும். கெர்னல் மாறும்போதெல்லாம் இதே பாட்டுதான்!

24.10 வெளியீட்டுக்காக மட்டும் 5400-க்கும் மேல மாற்றங்கள் உள்ளே போயிருக்கு. அந்த வெளியீடு ஆதரிக்கிற கருவிகள் 2000-ஐ நெருங்குது. இத்தனையும் யார் கையிலயாவது இருக்கணும், யாராவது ஓட்டிப் பார்க்கணும். ஆள் இல்லைன்னா?

ஒரு சோகக் கதை சொல்றேன். ஏஆர்71எக்ஸ்எக்ஸ்னு ஒரு சிப் குடும்பம். ஒரு காலத்துல மலிவு விலை ரவுட்டர்கள்ல எங்கே பார்த்தாலும் இதான். அதுக்கான பழைய பாணி கோடைத் தூக்கிட்டு, டிவைஸ் ட்ரீ பாணியில ஏடிஎச்79-ன்னு புதுசா எழுத முடிவு பண்ணாங்க. ஒவ்வொரு ரவுட்டரையும் யாராவது ஒருத்தர் கையில வெச்சுக்கிட்டு, புதுப் பக்கம் மாத்தி, ஓடுதான்னு சோதிச்சுச் சொல்லணும். ஆள் கிடைச்ச ரவுட்டர்கள் பிழைச்சது. கிடைக்காததெல்லாம் 19.07 வெளியீட்டோட நின்னுபோச்சு. அந்த லிஸ்ட்ல இருந்த ஒரு மாடலுக்கு, அந்த மாடலை வெச்சிருந்த ஒரே ஒரு ஸ்டூடண்ட் ஒரு வாரம் மெனக்கெட்டிருந்தா போதும்... இன்னும் சில வருஷம் ஓடியிருக்கும்!

சில ரவுட்டர்களுக்கு ஆள் இருந்தும் விதி விடலை. 4 எம்.பி. ஃப்ளாஷும் 32 எம்.பி. ராமும் இருக்கிற மாடல்களுக்கு 19.07-தான் கடைசி. கெர்னல் பெருத்துக்கிட்டே போகுது, ட்ரவுசர் பத்தலை. எதைக் காப்பாத்தணும், எதை விட்டுடணும்னு முடிவு எடுக்கிறதும் பராமரிப்புல ஒரு பங்குதான். ரொம்ப வலிக்கிற பங்கு!

பிரிஞ்சாங்க... சேர்ந்தாங்க!

கூட்டுக் குடும்பம்னா சண்டை இல்லாமலா? 2016 மே மாசம் ஓப்பன்வர்ட்டோட முக்கியமான டெவலப்பர்கள் பலர் தனிக்குடித்தனம் போனாங்க. புது வீட்டுக்கு லீட்-னு பேரு வெச்சாங்க. லினக்ஸ் எம்பெடட் டெவலப்மென்ட் என்விரான்மென்ட்டோட சுருக்கம்.

காரணம் பணமோ பகையோ இல்லை. வேலை செய்யற ஆள் குறைஞ்சுக்கிட்டே வந்தது. முடிவுகள் எங்கே, யாரால எடுக்கப்படுதுன்னு வெளியில இருக்கிறவங்களுக்குத் தெரியலை. சர்வர்களை நம்ப முடியலை. அதோட சாவி ஒண்ணு ரெண்டு பேர் கையிலயே இருந்தது. புதுசா வர்றவங்களை உள்ளே சேர்க்கத் தெளிவான வழி இல்லை. நம்ம காலேஜ் சிம்போசியம் கமிட்டி ஞாபகம் வருதா? போன வருஷ செயலாளர் பாஸ்வேர்டோட பாஸ் அவுட் ஆகிட்டா, இந்த வருஷம் ரெஜிஸ்ட்ரேஷனே நடக்காதே... அதே கேஸ்தான்!

லீட் தனக்குன்னு சின்னதா ஒரு சட்டம் எழுதிக்கிச்சு. முடிவுகள் வெளிப்படையா எடுக்கணும். பெரிய விஷயம்னா ஓட்டெடுப்பு. 'கோர் டெவலப்பர்'னு தனியா ஒரு மேல்தட்டு கிடையாது. திட்டத்தோட பேருல யாருக்கும் மெயில் ஐ.டி. கூடக் கிடையாது, எல்லாரும் சமம்னு இருக்கணும்கிறதுக்காக! 'ஒருத்தருக்கொருத்தர் நல்லபடியா நடந்துக்கணும்'கிறதையும் ஒரு விதியாவே எழுதி வெச்சாங்க.

2017 பிப்ரவரியில லீட் தன்னோட முதல் பெரிய வெளியீட்டையும் விட்டது. அப்புறம் ரெண்டு தரப்பும் பேசி, 2018 ஜனவரியில சேர்ந்துட்டாங்க. ஓப்பன்வர்ட்ங்கிற பேரு நிலைச்சது. லீட்டோட விதிகள் ஜெயிச்சது. செம டீல் இல்ல? சேர்ந்த கையோட அந்த ஜூலையில 18.06 வந்தது.

தேருக்கு முட்டுக்கட்டை!

ஊர்த் திருவிழாவுல தேர் பார்த்திருப்பீங்க. வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவாங்க. ஆனா, சக்கரத்துக்குக் கீழே கட்டையைப் போட்டு, தேரை நிறுத்தி, திருப்பி, வீட்டுத் திண்ணையில ஏறாம வழிநடத்துறது ரெண்டு மூணு பேர்தான். கொஞ்சம் அசந்தா கால் போயிடும். பேட்ச் அனுப்புறவங்க வடம் பிடிக்கிறவங்க. அதைப் படிச்சுப் பார்த்து, சோதிச்சு, 'ஓ.கே.' சொல்ற மெயின்டெய்னர்தான் முட்டுக்கட்டை போடுறவர். நம்ம பேட்சை நாலு தடவை திருப்பி அனுப்பினா டென்ஷன் ஆகாதீங்க. தேர் அளவு அப்படி!

ஏன் இவ்ளோ கறார்னு கேட்டா, 2024 மார்ச் 29-ஐச் சொல்லணும். எக்ஸ்.இசட்.னு ஒரு ஃபைல் சுருக்கும் மென்பொருள். ஏகப்பட்ட லினக்ஸ் சிஸ்டங்கள்ல இருக்கும். அதை முக்கியமா ஒரே ஒருத்தர்தான் வருஷக்கணக்கா பராமரிச்சுக்கிட்டிருந்தார். ஜியா டான்ங்கிற பேருல ஓர் ஆள் 2021-லேருந்து பேட்ச் அனுப்பி, நல்ல பேரு வாங்கி, களைச்சுப்போயிருந்த அந்த மனுஷனுக்குக் கூட மெயின்டெய்னராகவே ஆகிட்டார். அப்புறம் 5.6.0, 5.6.1 வெர்ஷன்கள்ல கொல்லைப்புறக் கதவை வெச்சுட்டார்! சர்வருக்குள்ள லாக்-இன் ஆக அரை செகண்ட் கூடுதலா ஆகுதேன்னு ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட்ங்கிற இன்ஜினீயர் நோண்டிப் பார்த்ததால விஷயம் வெளியே வந்தது. தனியாளைத் தவிக்க விட்டா என்ன ஆகும்கிறதுக்கு இதைவிடப் பெரிய பாடம் வேணாம்.

ஓப்பன்வர்ட்டுக்கும் ஒரு அதிர்ச்சி வந்தது. உங்க ரவுட்டருக்கு ஏத்த மாதிரி அப்போதைக்கப்போது பில்ட் பண்ணிக் கொடுக்கிற ஒரு சர்வர் அவங்ககிட்ட உண்டு. அதுல ரெண்டு ஓட்டை இருக்கிறதா 2024 டிசம்பர்ல ஜப்பான் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் ஒருத்தர் சொன்னார். ஒண்ணு, 64 எழுத்து இருக்க வேண்டிய ஹேஷை 12 எழுத்தா வெட்டிச் சுருக்கியிருந்தாங்க. அதனால, வேற கோரிக்கைக்கும் அதே ஹேஷ் வர்ற மாதிரி தயார் பண்ணிட முடியும். இன்னொண்ணு, பேக்கேஜ் பேருக்குப் பதிலா கட்டளையையே நுழைச்சுட முடியும். ரெண்டையும் சேர்த்தா, அடுத்தவனுக்குப் போக வேண்டிய ஃபைலுக்குப் பதிலா விஷம் வெச்ச ஃபைலைக் கொடுக்கலாம்! தகவல் வந்த உடனே சர்வரை நிறுத்தி, ஓட்டையை அடைச்சு, மூணு மணி நேரத்துல திரும்ப ஓட விட்டாங்க. நடந்ததை அவங்களே ஊரறிய அறிவிச்சாங்க. கூப்பிட்ட குரலுக்கு ஆள் இருக்கிறதுதான் பராமரிப்பு!

உங்க வீடியோ காலும் அவங்க தயவுதான்!

'ரவுட்டர் நோண்டுற சிலருக்குத்தானே இதெல்லாம், எனக்கென்ன?'ங்கிறவங்க கவனிக்க... ஹாஸ்டல்ல ஒருத்தன் படம் அப்லோட் பண்ண ஆரம்பிச்சா, மத்தவனோட வீடியோ கால் கல்லு மாதிரி உறைஞ்சு நிக்கும். வேகம் குறைவுங்கிறது மட்டும் காரணம் இல்லை. ரவுட்டர் தன் வயித்துக்குள்ள பாக்கெட்டுகளை அளவுக்கு மீறி வரிசையில நிக்க வைக்கிறதும் காரணம். இதுக்கு 'பஃபர்ப்ளோட்'னு பேரு வெச்சு ஊருக்குச் சொன்னவர் ஜிம் கெட்டிஸ்.

அவரும் டேவ் டாட்ங்கிற இன்ஜினீயரும் இன்னும் பலரும் சேர்ந்து, ஓப்பன்வர்ட்டை அடிப்படையா வெச்சு செரோவர்ட்னு ஒரு சோதனை வெர்ஷன் கட்டினாங்க. சாதாரணமா கடையில கிடைக்கிற ரவுட்டர்ல போட்டு ஓட்டிப் பார்த்தாங்க. அந்த முயற்சிகள்லேருந்து வந்த எஃப்.கியூ.-கோடெல்ங்கிற வரிசை முறை, 2012-ல கெர்னல் 3.5-லேயே ஏறிடுச்சு. பெரிய டவுன்லோடு ஒரு வரிசையில நின்னாலும், உங்க குட்டி பாக்கெட் இன்னொரு வரிசையில முந்திப் போயிடும். இன்னிக்கு உலகம் பூரா எத்தனையோ லினக்ஸ் கருவிகள்ல இது ஓடுது. டேவ் டாட் 2025 ஏப்ரல்ல காலமாகிட்டார். அவர் வேலை உங்க ஹாஸ்டல் ரவுட்டர்லயும் ஓடிக்கிட்டிருக்கலாம்!

உங்க சீட் எது?

மலைப்பா இருக்கா? படிப்படியா ஏறலாம் வாங்க...

சோதனை: புது வெளியீட்டுக்கு முன்னாடி 'ரிலீஸ் கேண்டிடேட்' விடுவாங்க. உங்க ரவுட்டர்ல போட்டுப் பாருங்க. 'ஓடலை'ன்னு மட்டும் சொல்லாம என்ன மாடல், எந்த வெர்ஷன், என்ன செஞ்சா வருது, லாக் என்ன சொல்லுதுன்னு எழுதி அனுப்புங்க. ஓடினாலும் சொல்லுங்க, அதுவும் தகவல்தான்.

மொழிபெயர்ப்பு: ரவுட்டரைக் கட்டுப்படுத்துற திரைக்கு லூசி-ன்னு பேரு. அதுல வர்ற வாசகங்களை மொழிபெயர்க்க கோடிங் தெரியவே வேணாம். தமிழ் தெரிஞ்ச இங்கிலீஷ் டிபார்ட்மென்ட் ஆளுங்களும் புகுந்து விளையாடலாம்.

பேக்கேஜ் புதுப்பித்தல்: ஏதாவது ஒரு மென்பொருளோட புது வெர்ஷன் வந்திருக்கும், ஓப்பன்வர்ட்ல பழசு இருக்கும். மேக்ஃபைல்ல வெர்ஷனையும் ஹேஷையும் மாத்தி, கம்பைல் பண்ணி, ரவுட்டர்ல ஓட்டிப் பார்த்து அனுப்பணும். முதல் பேட்சுக்கு இதான் பெஸ்ட்.

புது ரவுட்டர் சேர்ப்பது: இதுக்கு ஸ்குரூ டிரைவர் எடுக்கணும். போர்டுல சீரியல் போர்ட் இருக்கும். மலிவா கிடைக்கிற யு.எஸ்.பி. டு சீரியல் மாட்யூல் ஒண்ணை வாங்கி மாட்டினா, ரவுட்டர் கண் திறக்கும்போது பேசுற ஒவ்வொரு வரியும் திரையில ஓடும். 3.3 வோல்ட் மாட்யூல்தான் மாட்டணும், 5 வோல்ட் கொடுத்தா சிப் செத்துப்போகலாம். இருக்கிற ஒரே வீட்டு ரவுட்டர்ல கை வைக்காதீங்க. பழைய சாமான் கடையில ஒண்ணு தேத்துங்க!

படிச்சுப் பார்ப்பது: அடுத்தவங்க பேட்சை எடுத்து, உங்க ரவுட்டர்ல ஓட்டி, 'சோதிச்சேன், ஓடுது'ன்னு உங்க பேரோட சொல்றது. மெயின்டெய்னருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. இந்த சீட்டுதான் எப்பவும் காலியாவே கிடக்கு!

ரெண்டு மரியாதைகள் மறக்கக் கூடாது. ஒண்ணு, மாற்றத்தோட சேர்த்து அதுக்கான காரணத்தை எழுதணும். என்ன மாறினதுன்னு கோடைப் பார்த்தாலே தெரிஞ்சிடும். ஏன் மாறினதுன்னு அஞ்சு வருஷம் கழிச்சு வர்றவனுக்கு உங்க குறிப்புதான் சொல்லும். ரெண்டு, கடைசியில 'சைன்டு-ஆஃப்-பை' போட்டு உங்க பேரும் மெயிலும். 'இது என் உழைப்பு அல்லது கொடுக்க எனக்கு உரிமை இருக்கு'ன்னு கையெழுத்து போடற மாதிரி. லினக்ஸ்ல இந்த வழக்கம் 2004-ல வந்தது. பிராஜெக்ட் ரிப்போர்ட்டை சீனியர்கிட்ட வாங்கி பேரை மட்டும் மாத்துற வித்தை இங்கே செல்லாது பாஸ்!

(பெட்டிச் செய்தி)
கிக்கான பேரு!
ஓப்பன்வர்ட் வெளியீடுகளுக்கு ஆரம்பத்துல காக்டெயில் பேருதான். வொயிட் ரஷ்யன், காமிகாஸே, பேக்ஃபயர், ஆட்டிட்யூட் அட்ஜஸ்ட்மென்ட், பேரியர் பிரேக்கர், கேயாஸ் காமர்... ரவுட்டருக்குள்ள லாக்-இன் பண்ணினா, அந்த காக்டெயிலை எப்படிக் கலக்கணும்னு குறிப்பே திரையில வரும்! 2018-லேருந்து வந்த வெளியீடுகள் வருஷமும் மாசமுமா 18.06, 19.07-ன்னு எண்களோட சமர்த்தா இருக்கு.

பூட்டும் சாவியும்!

இந்தக் கூட்டம் இல்லாட்டி என்ன ஆகும்? நாம காசு கொடுத்து வாங்கின பொருளுக்குள்ள என்ன ஓடணும்னு வேற யாரோ முடிவு பண்ணுவாங்க. 2015-ல அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம், ரேடியோ அலைவரிசை விதிகளைக் காரணம் காட்டி, வெளி ஆட்களோட மென்பொருளை எப்படித் தடுக்கறீங்கன்னு தயாரிப்பாளர்களைக் கேட்டது. பெரிய எதிர்ப்பு கிளம்புச்சு. 2016 ஆகஸ்ட்ல டி.பி.-லிங்க் நிறுவனத்தோட அந்த ஆணையம் செஞ்சுக்கிட்ட ஒப்பந்தத்துல, அலைவரிசை விதியை மீறினதுக்கு 2 லட்சம் டாலர் அபராதம் போட்டாங்க. அதே ஒப்பந்தத்துல, வெளி மென்பொருளுக்கு வழிவிடணும்கிற நிபந்தனையும் சேர்ந்தது!

கடைசியில ஓப்பன்வர்ட் கூட்டம் தனக்குன்னு ஒரு டப்பாவே செஞ்சுடுச்சு. 20-வது வருஷத்துல, 2024 நவம்பர்ல, 'ஓப்பன்வர்ட் ஒன்' விற்பனைக்கு வந்தது. 1 ஜி.பி. ராம். நீலச் சட்டை ஹீரோவோட 16 எம்.பி.யைவிட 64 மடங்கு! ஃப்ளாஷ் சிப் ரெண்டு இருக்கு. ஒண்ணுல என்ன சொதப்பினாலும், இன்னொண்ணை வெச்சு உயிர் மீட்டுடலாம். அறிமுக விலை 89 டாலர். வித்த ஒவ்வொண்ணுலயும் 10 டாலர் திட்டத்தோட நிதிக்குப் போகுது. அதுலேருந்துதான் சர்வர் செலவு மாதிரி விஷயங்களைப் பார்த்துக்கணும்.

ஆனா, நிதி வந்தாலும் பேட்சைப் படிக்கிறது மனுஷக் கண்ணுதானே? பில்ட் சிஸ்டத்துல எல்லாமே ஆட்டோமேட்டிக். இறக்கும், சரிபார்க்கும், கம்பைல் பண்ணும், கட்டிக் கொடுக்கும். 'இது சரியா இருக்கு, நான் பார்த்துட்டேன்'னு சொல்ற ஒரு வரி மட்டும் எந்தக் கம்பைலர்லேருந்தும் வராது.

இந்த சனிக்கிழமை ஃப்ரீயா? வீட்டு டப்பாவைத் திருப்பிப் போட்டு, அடியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல மாடல் நம்பரையும் வெர்ஷனையும் பாருங்க. ஓப்பன்வர்ட் ஆதரிக்கிற கருவிகள் பட்டியல்ல அது இருக்கான்னு தேடுங்க. இருந்தா, அதுக்கு இப்போ ஆள் இருக்காங்களான்னு பாருங்க. இல்லைன்னா... உங்க சீட் கிடைச்சாச்சு பாஸ்!